பெயர் வேண்டாத சொல்

என் அண்ணி பாப்பாத்தி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவர் ஆயுசு குறைந்துவிடும் என்று அவள் அம்மா சொல்லிவைத்திருக்கிறாள். இந்தக் காலத்திலும் இப்படி ஒருத்தியா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள்தான். ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ "வீட்டுக்காரர் பேரென்ன?" என்றால் போதும், சட்டென்று என் பக்கம் திரும்புவாள். நான்தான் "மாதேஸ்வரன்" என்பேன். என் கூடப்பிறந்த அண்ணன்தானே, சொல்வதில் எனக்கென்ன வந்தது?

அண்ணன் சேலத்தில் பரோட்டா மாஸ்டராக இருந்துவிட்டு ஸ்பெயினில் ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனார். போன புதிதில் போனில் ஒரே புலம்பல். "முதலாளி நாள் முச்சூடும் 'தோந்தே எஸ்தா, தோந்தே எஸ்தா'ன்னு கத்தறாரு. எங்க இருக்குதுன்னு அர்த்தமாம். கரண்டி எங்க, மாவு எங்க, நான் எங்க, எல்லாத்துக்கும் அதே எஸ்தாதான்."

அந்தச் சொல் அண்ணியைப் பிடித்துக்கொண்டது. மிளகு காயவைக்கும்போதெல்லாம் பக்கத்தில் போனை நிறுத்திவைத்து வீடியோ பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள். எங்கள் மலைமேல் வளப்பூர் நாட்டில் ஒருத்தி ஸ்பானிஷ் படிக்கிறாள் என்றால் ஊர் சிரிக்காமல் இருக்குமா? முதலில் சிரித்தவள் நான்.

"சிரிக்காத கண்ணு" என்றாள். "எஸ்தான்னா இருக்கறாரு, இருக்கறா, இருக்குது, எல்லாந்தான். மரியாதையா 'இருக்கறீங்களா'ன்னு கேக்கறதுக்கும் அதேதான். பேரே சொல்ல வேண்டியதில்ல. எனக்குன்னே செஞ்ச வார்த்தையாட்ட இருக்குது."

அதற்குப் பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் எஸ்தாதான். மாடு படுத்திருந்தால் "எஸ்தா துர்மியெந்தோ", தூங்குகிறதாம். சோறு ஆறிப்போனால் "எஸ்தா ஃப்ரியோ". சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டால் எடுத்ததும் "எஸ்தா பியென்?" நல்லாருக்கீங்களா? அந்தப் பக்கம் அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

இப்போதைக்கு எப்படி இருக்கிறது என்பதற்குத்தான் எஸ்தா, எப்போதும் மாறாததற்கு வேறு சொல் இருக்கிறது என்று ஒருநாள் எனக்குப் பாடம் எடுத்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அப்ப செத்துப்போனவங்களுக்கு? அது மாறவா போகுது?" என்றேன். அவளும் போனில் தேடிப் பார்த்தாள். "எஸ்தா முவெர்த்தோ. அதுக்கும் எஸ்தாதானாம்" என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும், முகம் மாறிவிட்டது. "கேக்கற கேள்வியப் பாரு, வாயக் கழுவு" என்று உள்ளே போய்விட்டாள்.

போன பலாப்பழ சீசனில் இரண்டு பேரும் பழம் கொண்டுபோய் சோளக்காடு சந்தையில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் அண்ணனோடு தங்கியிருக்கும் இளங்கோவிடமிருந்து போன் வந்தது. ராசிபுரத்துப் பையன், நல்லவன். "அக்கா, பதறாதீங்க. அண்ணனுக்கு குடல்வால் வெடிச்சிருச்சு. ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஷிப்ட்டு, போனை வாங்கி வெச்சுக்குவாங்க. வார்டு போன் நம்பர் அனுப்பறேன், ரெண்டு மணி நேரம் கழிச்சு நீங்களே கேட்டுக்குங்க."

பதறாதே என்றால் யாருக்குப் பதறாமல் இருக்கும்? வெடித்துவிட்டது என்கிறானே. செல்போன் கடை சின்னுசாமி வெளிநாட்டுக்குப் பேசுகிற மாதிரி ரீசார்ஜ் செய்து கொடுத்தார். சொன்ன நேரம் வரைக்கும் நாங்கள் ஒரு பழம்கூட விற்கவில்லை. பிறகு அண்ணி நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

ஒரு பொம்பளை எடுத்தாள். "எஸ்தா பியென்?" என்றாள் அண்ணி.

"கியென்?" யார் என்கிறாள்.

"எஸ்தா பியென்? எஸ்தா பியென்?"

"நோம்ப்ரே?" பெயர் கேட்கிறாள். எனக்கே அது புரிந்தது. இத்தனை நாள் பெயரே வேண்டாம் என்றிருந்த சொல், ஒரு வார்டு நிறைய நோயாளிகளை வைத்திருப்பவளிடம் செல்லுபடியாகவில்லை.

அண்ணி வழக்கம்போல என் பக்கம் திரும்பினாள். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சத்தம் வரவில்லை. அன்றைக்கு நான் வாய்க்கொழுப்பில் கேட்ட கேள்வியும் அதற்குக் கிடைத்த பதிலும் முன்னால் வந்து நின்றன. அழத்தான் முடிந்தது.

"நோம்ப்ரே, நோம்ப்ரே" என்று அவள் அவசரப்படுத்தினாள். வைத்துவிடுவாள் போலிருந்தது. உயிர் ஊசலாடும் நேரத்தில் ஆயுசு குறைக்கும் பெயரைச் சொல்வதா? அண்ணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "மாதேஸ்வரன்!" என்று கத்தினாள்.

பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் திறக்காமலே இன்னொரு தடவை சொன்னாள். "மாதேஸ்வரன் எஸ்தா பியென்?"

அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டுகிற சத்தம். "மாதேஸ்வரன்... எஸ்தா..." என்று இழுத்தாள் அந்தப் பொம்பளை. எஸ்தாவுக்குப் பிறகு எந்த வார்த்தை வேண்டுமானாலும் வரலாம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது.

"எஸ்தா பியென். எஸ்தா துர்மியெந்தோ."

நன்றாக இருக்கிறார், தூங்குகிறார். அண்ணி அப்படியே பலாப்பழக் குவியல்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முள் குத்தியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அண்ணனே கூப்பிட்டார். குரல் சன்னமாக இருந்தது, ஆனால் குறும்பு போகவில்லை. "ஏம்புள்ள, நர்ஸம்மா சொல்லிச்சு. நெசமாவே எம்பேரச் சொன்னியா? எங்க, இன்னொருக்கா சொல்லு, கேக்கட்டும்."

அண்ணிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "உங்க அண்ணன் என்னமோ கேக்கறாங்க, நீயே சொல்லிரு கண்ணு" என்று போனை என் கையில் திணித்தாள்.

அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவளுக்காகச் சொல்லிவந்தவள் நான். இந்தத் தடவை சொல்லவில்லை. போனை அவள் கையிலேயே வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.