ரிலீவர் வராத காலை

காலை ஆறு இருபதுக்குக் கைபேசி ஒலித்தது. வாலாஜாபாத் கல்யாண மண்டபத்தில், மணப்பெண் அறையில், மகளின் மேக்கப் பெட்டியைத் திறந்துவைத்து அவளுக்காகக் காத்திருந்தேன். பேசியது ஒரகடம் தொழிற்சாலையில் அவளோடு இரவு ஷிப்டு பார்க்கும் திருநெல்வேலிப் பெண்.

"ஆன்ட்டி, அவளுக்கு ரிலீவர் வரலை. ஆள் வராம லைனை விட்டு நவுர முடியாதுல்லா. உங்களை ஆரம்பிக்கச் சொன்னா."

அடுத்த ஷிப்டு ஆள் வந்து தன் இடத்தில் நின்றால்தான் அவள் கிளம்பலாம். ஷிப்டு ஆறுக்கு முடியும், முகூர்த்தம் ஏழரைக்கு என்று திட்டம் போட்ட நாங்கள் இருவருமே இதை மறந்திருந்தோம். இரவில் தொழிற்சாலை, மாலையில் ட்யூஷன், கிடைத்த நேரத்தில் மேக்கப் என்று ஓடுகிறவளுக்கு இதுதான் முதல் கல்யாண ஆர்டர். சொதப்பினால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள்.

"இன்னாம்மா, பொட்டி மட்டும் வந்துகீது, மேக்கப்காரி எங்க?" என்றாள் மணப்பெண்ணின் சித்தி.

"வந்துட்டே இருக்கா."

"எங்க, பெங்களூர்லேர்ந்தா?"

"சித்தி, சும்மா இரு," என்றாள் மணப்பெண். "நீங்களே போடுங்க ஆன்ட்டி. நேரமாவுது."

பள்ளி அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிறவள் நான். ஆனால் ஒரு மாதமாக மகள் மேக்கப் போட்டுப் பழகியது என் முகத்தில்தான். எதற்குப் பின் எது என்று என் கன்னத்துக்குத் தெரியும். ஈரப் பஞ்சை எடுத்தேன். தேய்க்கவில்லை, ஒற்றினேன், தேய்த்தால் மகளிடம் என்ன திட்டு விழும் என்பதும் தெரியும். பவுடர், புருவம், உதடு. வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்தது. பயமா குஷியா என்று பிரிக்க முடியாத ஒரு வேகம் கைக்கு வந்துவிட்டது.

சித்தி எட்டிப் பார்த்தாள். "அட, எங்க வூட்டுப் பொண்ணா இது?"

வலது கண்ணுக்கு மை தீட்டி முடித்தபோது ஏழு ஐந்து. சரியாக வந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான், இடது கண்ணும் இதே மாதிரி வரவேண்டுமே என்று பிரஷ்ஷைப் பாதியில் நிறுத்தினேன்.

கதவு திறந்தது. கழுத்தில் கம்பெனி அட்டையோடு மூச்சிரைக்க மகள். லைன் லீடரே அவள் இடத்தில் நின்றுகொண்டு அனுப்பிவைத்தாராம். நான் பிரஷ்ஷை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. குனிந்து மணப்பெண்ணின் கண்ணைப் பார்த்தாள்.

"ரெண்டு கண்ணும் ஒரே கை போட்டாதாம்மா ஒண்ணா இருக்கும். நீயே முடி, நான் பொடவையப் பாக்கறேன்."