காற்று அறிவித்தலும் ஆறு படிப் பைப்லைனும்

பிற்பகல் இரண்டரைக்கு வந்த அந்தத் தொலைபேசி அழைப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

அச்சுவேலியில் மூன்று பேர் மட்டும் இருந்த அலுவலகம் எங்களுடையது. வடகரை மீனவர் சங்கங்களுக்கு ஓர் இணையத்தளம் செய்து கொடுத்திருந்தோம். சங்கச் செயலாளர் காற்று எச்சரிக்கையை அதில் பதிந்தால், அவருடைய துறையில், அதாவது வள்ளம் இறக்கும் அந்தக் கரையில், உள்ள எல்லோருக்கும் மெசேஜ் போகும். முதலில் அந்த வேலை முழுவதும் கொன்ட்ரோலர் என்கிற ஒரே கோட் பைலில் அறுநூறு வரியாகக் கிடந்தது. ஒன்றைத் தொட்டால் ஒன்பது உடையும். நான்தான் அடம்பிடித்து அதைப் பைப்லைனாக மாற்றினேன். ஆறு படிகள், ஒவ்வொன்றும் தன் ஒரு வேலையை முடித்து அடுத்ததிடம் கொடுக்கும். ஒரு பைலில் கிடந்ததை ஏன் ஆறாக்குகிறேன் என்று பொறுப்பாளர் ரமணன் அண்ணை முகம் சுளித்தார். மாற்றிய நாலாம் நாளே ஒரு துறையின் சங்கச் செயலாளர் குலம் அண்ணை அழைத்தார்.

"தங்கச்சி, பக்கத்துத் துறைக்கு மெசேஜ் வந்திட்டுது. எங்கடை ஆக்களுக்கு ஒண்டும் வரேல்லை. நாலு மணிக்கு வள்ளம் இறக்கப் போறாங்கள். நான் தெல்லிப்பழை ஆசுபத்திரியிலை நிக்கிறன், எத்தினை பேருக்கெண்டு போன் எடுக்கிறது?"

பழைய கோட் என்றால் அறுநூறு வரியையும் துழாவியிருப்பேன். இப்போது படிப்படியாகப் பார்த்தால் போதும். அவருடைய எச்சரிக்கை முதலாவதைத் தாண்டியிருந்தது, இரண்டாவதையும் தாண்டியிருந்தது, மூன்றாவதில் மாயம். இரட்டிப்பைத் தடுக்கும் படி அது. செயலாளர்கள் அவசரத்தில் பொத்தானை நாலு தரம் அமத்துவார்கள் என்று, ஒரே வாசகம் திரும்பி வந்தால் நிறுத்த வைத்திருந்தேன். துறையின் பெயரைச் சேர்ப்பதோ நான்காம் படி. பக்கத்துத் துறைச் செயலாளர் தளத்தில் பதிந்து வட்சப்பிலும் அனுப்பியதைக் குலம் அண்ணை எழுத்து மாறாமல் ஒட்டியிருந்தார். என் கோட் இரண்டும் ஒன்றென்று எண்ணிவிட்டது. பிழை முழுக்க என்னுடையது.

நான்காவதை மூன்றாவதற்கு மேலே ஏற்றினேன். கோட்டைச் சரிபார்க்கும் ரெஸ்ற் ஓட்டினேன், எல்லாம் பச்சை. சேர்வரில் ஏற்றிவிட்டு அவரை மீண்டும் பதியச் சொன்னேன். மூன்று மணிக்குள் அழைப்பு வந்தது.

"ஓம் தங்கச்சி, வந்திட்டுதாம். வள்ளங்களை மேலை இழுக்கினமாம்."

கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தேன். எத்தனை வரி எழுதினேன் என்று ரமணன் அண்ணை கேட்டார்.

"ஒண்டும் எழுதேல்லை அண்ணை. ரெண்டு வரியின்ரை இடத்தை மாத்தினன்."

அவர் தன்னுடைய பழைய கொன்ட்ரோலர் ஒன்றைத் திறந்து, அதையும் படிகளாகப் பிரிக்கக் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். ஐந்தரைக்குக் காற்று எங்கள் கூரைத் தகரத்தையே கிளப்பியது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: பைப்லைனிலும் பிழை வரும், ஆனால் ஒளிக்க இடமிருக்காது. படிகளைப் பிரித்ததும் அந்த வரிசையைப் பாவிக்கப்போகிறவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மறுநாள் நான் வாசித்தபோது குலம் அண்ணை சிரித்தார்.

"நாங்கள் ஒருத்தரைப் பாத்து ஒருத்தர்தானே மெசேஜ் பதியிறனாங்கள், பிள்ளை. முதலே கேட்டிருக்கலாமே."