பதினான்கு உலகம்மாள்கள்

தென்காசி வாசகசாலையில் நான் லைப்ரேரியனாக இருந்தது இருபத்திரண்டு வருஷம். பெயர் வல்லிநாயகம். கோபக்காரன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. உண்மைதான், மறுக்கவில்லை. புத்தகத்தின் முனையை மடிக்கிறவனையும் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவனையும் நான் ஏசாமல் விட்டதே இல்லை. ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல, முப்பிடாதியம்மாளைப் பற்றி. அந்த வாசகசாலையின் பாதியை நடத்தியவள் அவள். அவளுக்கு நாற்காலியும் கிடையாது, மேஜையும் கிடையாது. தலையில் ஒரு கூடை, அவ்வளவுதான்.

முதலில் அவள் சோற்றுக்கூடைக்காரி. கோர்ட்டிலும் தாலுகா ஆபீஸிலும் இருக்கிற குமாஸ்தாக்களின் வீடுகளுக்குக் காலையில் போய்த் தூக்குச்சட்டிகளை வாங்குவாள். கூடையில் அடுக்கி, பன்னிரண்டு மணிக்குள் ஆளாளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். ரத வீதிகளில் பன்னிரண்டு வீடு, இலஞ்சியில் பத்து வீடு. ஒரு நாளும் ஒருவர் சட்டி இன்னொருவர் கைக்குப் போனதில்லை. புருஷன் கொழும்புக்குப் போனான், போனவன் போனவன்தான். பிள்ளை குட்டி இல்லை. சின்ன வயசில் நாலாம் வகுப்புவரை படித்திருந்தாள்.

வாசகசாலை கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. 1933ஆம் வருஷம் ஒரு மத்தியானம், காலிச் சட்டிகளோடு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, குமாஸ்தா வீட்டு உலகம்மாக்கா ஒரு கதைப் புஸ்தகம் கேக்காக. குடுப்பீகளா?"

"வேணும்னா அந்த அம்மா வந்து வாங்கட்டும்" என்றேன்.

"நல்லா வந்தாகளே! நாப்பது ஆம்பளைக பேப்பர விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்க எடத்துக்கு அவுக வருவாகளா? இல்ல, நீங்கதான் அடுக்களைக்குப் போய்ப் படிச்சுக் காட்டுவீகளா?"

எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஐந்து பேர் கேட்டதாகச் சொன்னாள். ஆறு மாசத்தில் முப்பது பேர். கடைசியில் கமிட்டி கூடி, 'பெண்கள் பகுதி' என்று ஒன்றை ஏற்படுத்தி, முப்பிடாதியைத் தற்காலிகமாக வேலைக்கு வைத்தது. சோற்றுக்கூடையை விட்டுவிட்டுப் புத்தகக்கூடையைத் தூக்கினாள்.

அவள் வேலைபார்த்த தினுசே தனி. திங்கள், செவ்வாய் தென்காசித் தெருக்கள். புதன் இலஞ்சி. சாரல் காலத்தில் வெள்ளிக்கிழமை குற்றாலம். அங்கே பங்களா பிடித்துத் தங்குகிறவர்களின் வீட்டுப் பெண்கள் அருவிக்குப் போய்வந்த நேரம்போக மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். சாரலில் புத்தகம் நனையாமல் மெழுகுத்துணியில் சுற்றி, அதற்கு மேல் தன் மாற்றுச்சேலையையும் சுற்றிக்கொண்டு போவாள். அவள் தொப்பலாக நனைந்து வருவாள். புத்தகம் காய்ந்தபடி வரும். நல்ல வேலைக்காரியைப் பாராட்டும் வழக்கம் எனக்கு அப்போது இல்லை. அது என் குறை.

எடுத்துப்போகும் புத்தகத்தை முதலில் தான் படித்துவிடுவாள். வீட்டு வாசலில் கூடையை இறக்கிக் கதையைச் சொல்ல ஆரம்பிப்பாள். "அந்தப் பொண்ணு விடியக்காலம் எந்திச்சு ஆத்தங்கரைக்குப் போறா. அங்கன பாத்தா ஒரு ஆளு நிக்கான்..."

"யாருட்டி அது?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"மீதி இதுக்குள்ள இருக்கு. ஏழு நாளு கெடு" என்று புத்தகத்தை நீட்டுவாள். எந்த வியாபாரியும் அவளிடம் பாடம் கேட்கலாம்.

படிக்கத் தெரிந்த ஒருத்தி படிக்க, தெரியாத நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு வீட்டில் கதாநாயகன் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் ஒன்றாகப் போய்விட்டது. புருஷன் பெயரை வாயால் சொல்லலாமா? அந்த அம்மாள் அந்தப் பெயர் வருகிற இடத்திலெல்லாம் "அவுக" என்று படித்தாளாம். "அவுக குதிரையில ஏறுனாக. அவுகள நாலு திருடன் சேந்து அடிச்சான்." கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். இதை முப்பிடாதி வந்து சொன்னபோது நானும் சிரித்தேன். இதே வழக்கம் எங்கள் கழுத்துக்குக் கத்தியாக வரும் என்று அப்போது தெரியவில்லை.

வாசகசாலை விதி ஏழு: பெண் உறுப்பினர்கள் தம் பெயரையும் கணவர் பெயரையும் தாமே சொல்லிப் பதிய வேண்டும். எவள் சொல்லுவாள்? முப்பிடாதி கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். அவர்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்ததோடு சரி. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் அங்கே இருக்கிறவள் ஓரகத்தியாக இருப்பாள். அவளுக்கும் கொழுந்தன் மச்சினன் பெயர் வாயில் வராது. நானாவது கோர்ட்டுப் பக்கம் நடந்து, ஆம்பிளைகளிடம் விசாரித்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை. சோம்பல். பெண்ணின் பெயரை மட்டும் எழுதி, அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கோயில் அம்மன் பெயர் உலகம்மன். பெண் பிறந்தால் இந்த ஊர்க்காரனுக்கு வேறு பெயர் தோன்றாது. கிணற்றடியில் நின்று "ஏட்டி உலகம்மா" என்று கூப்பிட்டால் ஏழு பேர் திரும்புவார்கள். எங்கள் பதிவேட்டில் பதினான்கு உலகம்மாள்கள். பதினான்கு பேருக்கும் கணவர் பெயர் இல்லை. முப்பிடாதிக்கு மட்டும் எந்த உலகம்மாள் எந்த வீடு, எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறாள் என்பது வரை தெரியும்.

1936ஆம் வருஷம் ஆடி மாசம். வாசகசாலையைப் பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷர். நல்லவர்தான், ஆனால் எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. கமிட்டித் தலைவர் செல்லப்பா பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இலஞ்சியில் தோப்பும் வயலுமாக வாழ்கிறவர். பெண்கள் பகுதி தொடங்கியபோதே "பொம்பளைகளுக்கு எதுக்குவே புஸ்தகம்? எங்க வீட்டுல எவளாவது தொட்டிருக்காளா?" என்று முனகினவர்.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். விரலை வைத்து எண்ணினார்.

"உலகம்மாள், உலகம்மாள், உலகம்மாள்... என்ன ஐயா இது? பதினான்கு தடவை ஒரே பெயர். ஒன்றுக்கும் கணவர் பெயர் கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்களா? வேலை நிலைக்க வேண்டும் என்று இந்த அம்மாள் பொய்யாகச் சொல்ல, நீர் எழுதியிருக்கிறீர்."

"இது எனக்கும் ரொம்ப நாள் சந்தேகந்தான்" என்றார் பிள்ளைவாள். அவரை அந்த இடத்திலேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன். என் தப்பு எனக்கே தெரிந்ததால் பதிவேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அலமாரி ஓரமாக நின்ற முப்பிடாதி முன்னால் வந்தாள். "ஐயா, பதினாலு பேரும் உசுரோட இருக்காக. என்கூட வாங்க, காட்டுதேன்" என்றாள்.

"சாயங்காலத்துக்குள் ஒருத்தியாவது விதிப்படி சொல்ல வேண்டும். இல்லையென்றால் பெண்கள் பகுதியை மூடச் சொல்லி எழுதுவேன். நீ பொய்க்கணக்கு காட்டினாய் என்றும் எழுதுவேன்" என்றார் அதிகாரி.

அன்று அவருக்கு மத்தியானச் சாப்பாடு பிள்ளைவாள் வீட்டில் ஏற்பாடாகியிருந்தது. இலஞ்சிக்குப் போகிற வழியிலேயே வீடுகளைப் பார்த்துவிடலாம் என்று பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு மூவரும் வில்வண்டியில் கிளம்பினோம். மூன்று வீட்டில் வண்டி நின்றது. மூன்று வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் வந்து, "எம் பேரு உலகம்மாள்" என்றாள். புத்தகத்தையும் எடுத்துக் காட்டினாள். கணவர் பெயர் என்ன என்று கேட்டதும் வாய்க்குப் பூட்டு. முதல் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்லிப் பார்த்தேன். "நீர் சொன்னால் செல்லாது. ஏழாம் விதியைப் படியும்" என்றார் அதிகாரி.

மூன்றாவது வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "மூன்று வீட்டிலும் ஒரே பெயர், ஒரே ஊமைத்தனம்! சொல்லிக்கொடுத்ததைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாதா?"

வண்டியிலிருந்து இறங்கி, பின்னால் கூடையோடு நடந்துவந்த முப்பிடாதியோடு சேர்ந்துகொண்டேன்.

"ஏட்டி, இந்த ஆளு மதிக்கிற மாதிரி ஒரு பெரிய வீட்டுப் பொம்பளைகூடவா ஒங்கிட்ட புஸ்தகம் வாங்கல?"

"வாங்குதாக."

"யாரு? சொல்லு, அங்கன போவோம்."

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. அவுக வீட்டுக்காரருக்குத் தெரியாம வாங்குதாக. வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஒஞ் சோலி போகுதுட்டி, கிறுக்கச்சி!"

"சோலி போனா போகட்டும். சோத்துக்கூடை தூக்கத் தெரியாதா எனக்கு? கள்ளின்னு எழுதப்போறாகளே, அதுதான் தாங்கல. இருவது வருஷமா இத்தனை வீட்டு அடுக்களைக்குள்ள போயிட்டு வாரேன். ஒரு கடுகு கொறஞ்சுதுன்னு ஒருத்தி சொன்னதில்ல." அதைச் சொன்னபோது மட்டும் அவள் முகம் கோணியது. உடனே சரியாக்கிக்கொண்டாள்.

பிள்ளைவாள் வீட்டில் கூடத்தில் மூன்று இலை போட்டிருந்தது. அதிகாரி, பிள்ளைவாள், நான். முப்பிடாதி முற்றத்து ஓரத்தில் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைவாளின் மனைவி சாதம் பரிமாறி, பருப்பும் பரிமாறினார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். விருந்தாளி முன்னால் தலை நிமிராத அம்மாள்.

அதிகாரி சாதத்தைப் பிசைந்தபடியே, "பார்த்தவரைக்கும் போதும் பிள்ளைவாள். சாப்பிட்டதும் ரிப்போர்ட்டை எழுதிவிடுகிறேன். அந்த அம்மாளை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பொய்க்கணக்கு என்று காரணமும் போட்டுவிடலாம்" என்றார்.

"ஆகட்டும்" என்றார் பிள்ளைவாள்.

நெய்க்கிண்ணத்தோடு வந்த அந்த அம்மாள் நடுக்கூடத்தில் நின்றுவிட்டார். முற்றத்தைப் பார்த்தார். முப்பிடாதி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே விஷயம் விளங்கியது. கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

அம்மாள் நெய்க்கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஐயா, அவள ஒண்ணும் எழுதாதீக. அந்தப் பதினாலு பேருல நான் ஒருத்தி. எம் பேரு உலகம்மாள். எம் புருஷன் பேரு செல்லப்பா. இந்தா, ஒங்க பக்கத்துல உக்காந்திருக்காகளே, இவுகதான். மூணு வருஷமா முப்பிடாதிகிட்ட புஸ்தகம் வாங்குதேன். அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சுப் படிக்கேன். இவுகளுக்குத் தெரியாது. எம் பேர அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பா. எனக்காகச் சொல்லாம நிக்கா."

அடுக்களையில் எதுவோ விழுந்து உருண்டது. தெய்வமே, பிள்ளைவாள் இலையை விட்டு எழுந்துவிடப் போகிறார் என்று பயந்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் கோபமில்லை. அவர் எழவில்லை. பிசைந்த கையை இலையிலேயே வைத்துக்கொண்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"முப்பது வருஷமாச்சு" என்றார் மெதுவாக. "எம் பேரு ஒன் வாயில எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தாம்ட்டி கேக்கேன்."

பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. "எழுதும் ஐயா. அவ சொன்னத அப்படியே எழுதும். காதுல சரியா விழலைன்னா இன்னொரு தடவ சொல்லச் சொல்லுதேன்."

அதிகாரி கையைக் கழுவிவிட்டு வந்து பதிவேட்டை வாங்கினார். காலியாகக் கிடந்த கட்டத்தில் அவரே எழுதினார். "அப்படியானால் மற்றப் பதிமூன்று பேரும் நிஜந்தானா?" என்று கேட்டார்.

"பதினஞ்சாவது உலகம்மாளும் அடுக்களையில நிக்கா ஐயா, எங்க ஓரகத்தி" என்றார் அம்மாள். "அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படிப்பேன், அவ கேப்பா."

அதிகாரி இந்தத் தடவை வேறு மாதிரிச் சிரித்தார். முப்பிடாதியைக் கூப்பிட்டு, "நான் பேசினதை மனசில் வைத்துக்கொள்ளாதே அம்மா" என்றார். அவளை நிரந்தர வேலைக்கு எடுக்க வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் முற்றத்துக்கு வந்தபோது முப்பிடாதி கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டு விடாதவள் இப்போது தேம்பித் தேம்பி அழுதாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுல்லா? இப்ப எதுக்குட்டி அழுகே?"

"எஞ் சோலிக்காக ஆச்சி வாயத் தொறந்துட்டாகளே அண்ணாச்சி! அவுக புருஷன் பேரச் சபையில சொல்லிட்டாகளே! இனி சாரலுக்கும் காய்ச்சலுக்கும் நான் லீவு கேட்டா செருப்பால அடிங்க."

அடுத்த வாரமே மற்றப் பதிமூன்று பேரும் கணவர் பெயரை முப்பிடாதியின் காதில் சொன்னார்கள். தலைவர் வீட்டு ஆச்சியே சொல்லிவிட்ட பிறகு யார் யாரைக் கேலி செய்வது? நான் ஒரே மூச்சில் உட்கார்ந்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன்.

அதன்பிறகு பதினோரு வருஷம் முப்பிடாதி அந்தக் கூடையைத் தூக்கினாள். எத்தனையோ சாரல் வந்தது. ஒரு தடவை விஷக்காய்ச்சலில் கண் சிவந்து வந்து நின்றாள். வீட்டுக்குப் போ என்று ஊர் கேட்க ஏசினேன். போகவில்லை. கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு இலஞ்சி ரோட்டில் இறங்கிவிட்டாள்.