தெய்வநாயகி இறங்கிய பாத்தி

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்குச் செய்தி வந்தது. மரக்காணம் உப்பளத்துத் தெய்வநாயகியம்மாள் காலமாகிவிட்டார், வயது அறுபத்தேழு. பிற்பகலுக்குள் சென்னையிலிருந்து வக்கீல் முருகையன் வந்துவிட்டார். எல்லோரும் மாலையை மார்பில் சாத்தினார்கள். அவர் மட்டும் காலடியில் வைத்தார். ஏன் என்று எங்கள் உப்பளத்துக்காரர்கள் யாரும் கேட்கவில்லை.

எழுபத்தாறாம் வருஷம், எமர்ஜென்சி. மாநில அரசைக் கலைத்த மறுவாரம். டீக்கடையில் நாலு பையன்கள் சேர்ந்து நின்றால் லத்தி வரும். பத்தொன்பது வயது முருகையனும் அவன் நண்பனும் பழைய செய்தித்தாளில் காவியைக் குழைத்து, "எங்களைப் பேச விடு" என்று எழுதி பஸ் ஸ்டாண்டில் ஒட்டினார்கள். நண்பனை மிசா சட்டத்தில் பிடித்துக்கொண்டுபோனார்கள். எந்த ஜெயில் என்று பெற்றவளுக்கே சொல்லவில்லை. முருகையன் தப்பித்து உப்பளத்துக்குள் இறங்கி ஓடினான்.

அது பாத்தி மிதிக்கும் காலம். உப்பு விளைவதற்கு முன் ஈரக் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து சிலேட்டுப் பலகை மாதிரி ஆக்கிவிடுவார்கள். அதில் காக்கை நடந்தாலும் தடம் தெரியும். விடிந்ததும் முதல் ஆளாக வந்த தெய்வநாயகி பார்த்தாள். எட்டுப் பாத்திகளின் குறுக்கே ஒரே ஆளின் காலடி, கழுவெளிச் சதுப்பின் ஓரத்து முள்ளுக்காடுவரை போயிருந்தது. இடது கட்டைவிரல் விலகிய கால். உள்ளூர்ப் பையன் முருகையனின் கால் என்று அவளுக்குத் தெரியும். தூரத்தில் ரோட்டில் போலீஸ் ஜீப்பும் நின்றது.

பதினேழு வயதுப் பெண். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முள்ளுக்காட்டை ஒட்டிய பாத்தியில் இறங்கி மிதிக்க ஆரம்பித்தாள்.

"ஏண்டி, நேத்துதான முடிச்சோம்?" என்றாள் வரப்பில் வந்த செல்லம்மாள்.

"சரியா மிதிக்கலக்கா. நீயே பாரு."

செல்லம்மாள் குனிந்து பார்த்தாள். "ஆமாண்டி, மோசமாத்தான் மிதிச்சிருக்கோம்" என்று புடவையைச் செருகினாள். பின்னால் வந்தவர்களும் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கினார்கள். நாலு நாள் உழைப்பைத் தாங்களே கலைத்தார்கள்.

ஏட்டு வந்து நின்றபோது எந்தப் பாத்தியிலும் முருகையன் தடம் இல்லை.

"இன்னா, காலங்காத்தால கும்மியா?"

"ஆமாங்க ஐயா. பூட்ஸக் கழட்டிட்டு நீங்களும் எறங்குங்க. கூலி வாங்கித் தர்றோம்" என்றாள் செல்லம்மாள்.

அவர் சிரிக்கவில்லை. "மொதல்ல எறங்குனது யாரு?"

ஏட்டின் கண் செல்லம்மாள்மேல் நிலைத்ததும் தெய்வநாயகியே, "நான்தாங்க" என்றாள்.

ஸ்டேஷனில், "எந்தப் பக்கம் போனான்?" என்று கேட்டார்கள்.

"நான் பாத்தி மிதிச்சிட்டிருந்தேங்க."

உள்ளங்காலில் பிரம்பு விழுந்தது. மறுபடி அதே கேள்வி, அதே பதில். சாயங்காலம்வரை அவளிடமிருந்து வேறு வார்த்தை வரவில்லை. அதற்குள் குப்பத்துக் கட்டுமரம் ஒன்று முருகையனைப் புதுச்சேரிக் கரையில் இறக்கிவிட்டிருந்தது.

அவள் மேடை ஏறியதில்லை, யாரிடமும் அதைச் சொல்லி எதுவும் கேட்டதுமில்லை. எங்கள் அளத்துப் பெண் என்று சொல்லிக்கொண்டதெல்லாம் நாங்கள்தான்.

போலீஸ் கூட்டிப்போனபோது அவள் பாத்தியில் கிழக்கு மூலை பாக்கி இருந்தது. எடுத்த பாத்தியை அவரவரே முடிப்பதுதான் எங்கள் அளத்து வழக்கம் என்பதால், மறுநாள் வந்து மிதிப்பாள் என்று விட்டுவைத்தார்கள். ஒரு மாதத்துக்கு அவளால் கால் ஊன்ற முடியவில்லை; அதற்குள் மற்றப் பாத்திகளில் நீர் பாய்ச்சியாகிவிட்டது. அந்த வருஷம் உப்பு வாரி முடியும்வரை அந்த மூலை மிதிபடாமலே கிடந்தது.