சல்லடையில் நின்ற மங்குகள்

வெட்டிப்போட்ட புல்லும் இலையும் மழையில் ஊறிப் புளித்து, உள்ளுக்குள் வெந்து, விடியற்காலையில் ஆவி விடும்போது ஒரு நாற்றம் எழும். ஊசிப்போன சோறும் ஈரச் சிமெண்டும் சேர்ந்தது போலிருக்கும். என் பிள்ளைப் பருவத்துக்கென்று ஒரு வாசனை உண்டென்றால் அது இதுதான். இன்றைக்கும் அது எங்காவது மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

உலு திராமுக்கு வெளியே நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக்கு நேர் எதிரில் இருந்தது அந்தக் களம். இடித்த வீடுகளின் கல்லும் கான்கிரீட்டும், தோண்டிய மண்ணும், வெட்டிய மரம் செடி கொடிகளும் லாரி லாரியாக அங்கே வந்து கொட்டும். கல்லை அரைத்துச் சாலைக்கு அடியில் போடும் ஜல்லியாக்குவார்கள், மரத்தைச் சீவி மட்கவைத்து எருவாக்குவார்கள், மண்ணை வீடளவு பெரிய சல்லடையில் சலித்து அந்த எருவோடு கலந்து மூட்டை கட்டிப் பூந்தொட்டிகளுக்கு விற்பார்கள். குப்பைக்கான மலாய்ச் சொல்லை வைத்துப் பெரியவர்கள் அதைச் "சம்பா கம்பெனி" என்றார்கள். எங்களுக்குச் சோறு போட்டதும் அதுதான்; அப்பா அங்கே மண் தள்ளும் "ஷவல்" ஓட்டினார். பள்ளியில் மறுசுழற்சியின் நன்மைகள் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, எங்கள் எதிர்க் களத்தில் எதுவுமே வீணாவதில்லை என்று எழுதி நான் பாராட்டு வாங்கினேன். எதையும் விட்டுவைக்க மாட்டார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுக்குமாடிக்கு வருமுன் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தோம். எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஒருவன், பெயர் வைப்பதற்குள் போய்விட்டான். எங்கள் வழக்கத்தில் பெரியவர்களை எரிப்பார்கள், பச்சைக் குழந்தையைப் புதைப்பார்கள். கல் நடுவதில்லை, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் பீங்கான் "மங்கு" ஒன்றைத் தலைமாட்டில் கவிழ்த்து வைப்பார்கள். வருடா வருடம் அவன் போன நாளில் அம்மா அதன் மேல் பால் ஊற்றுவாள். "பசியோட போனவன்டி அவன்" என்பாள். அந்த ஒரு நாளை அவள் எதற்காகவும் விட்டதில்லை.

வீடு கட்டுவதற்காகத் தோட்டத்தை விற்றபோது கோயிலுக்கு மாற்று நிலம் கிடைத்தது. கோயில் தலைவர் மாலையும் கழுத்துமாக நின்று படம் எடுத்துக்கொண்டார். பிள்ளைகளைப் புதைத்த இடம் என்னாகும் என்று கேட்ட அம்மாவிடம், "சாமிக்கே எடம் கெடச்சிருச்சு, இன்னும் என்னம்மா வேணும் ஒங்களுக்கு?" என்றார். சாமி மேளதாளத்தோடு லாரி ஏறிப் போனார். பிள்ளைகள் லாரி ஏறியது யாருக்கும் தெரியாது. அந்த மனிதர் செத்துப் பல காலம் ஆகிறது. என் வெறுப்பு இன்னும் சாகவில்லை.

அந்த வருடம் பால் செம்போடு நானும் அம்மாவும் போனபோது அங்கே வெறும் செம்மண் பள்ளம் கிடந்தது. மண் எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "ரீசைக்கல்காரன்கிட்டதாங்க அக்கா போகுது. அந்த ஃபிளாட்டுக்கு எதிர்ல" என்றார் லாரிக்காரர்.

அன்று சாப்பாட்டின்போது அம்மா அப்பாவிடம் கேட்டாள், நம் தோட்டத்து மண் எந்தக் குவியல் என்று. "லாரி கொட்டும், நான் தள்ளுவேன். எது எந்த மண்ணுன்னு எழுதியா ஒட்டியிருக்கு?" என்று சத்தம் போட்ட அப்பா, பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டார்.

மறுநாள் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பாலோடு களத்துக்குள் போய்விட்டாள். அங்கிருந்த சூப்பர்வைசர், எங்கள் ஆள்தான், ஆறுதல் சொல்வதாக நினைத்து வாயைத் திறந்தார்: "கவலப்படாதீங்க அக்கா, நல்லா சலிச்சிட்டோம். எலும்பு, பீங்கான் ஒண்ணும் அதுல இருக்காது லா." ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம். அம்மா விடவில்லை. "சல்லடையில நின்னது எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அது களத்தின் பின்பக்கம், அரைவை இயந்திரத்துக்குப் பக்கத்தில், மலையாகக் கிடந்தது: வேர், கல், கண்ணாடி, நடுநடுவே மங்குகள். ரப்பர் காலத்தில் மரத்துக்கு ஒன்றாகக் கட்டித் தோட்டம் முழுக்கப் புதைந்துபோனவை எல்லாம் உடைந்தும் உடையாமலும் அங்கே வந்து சேர்ந்திருந்தன. எது மரத்தில் தொங்கியது, எது பிள்ளையின் தலைமாட்டில் இருந்தது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். அந்தக் குவியலை அரைக்கத் தள்ள வேண்டியவர் அப்பா. அவர் ஷவலைக் கொண்டுவந்து அருகில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். சூப்பர்வைசர் கத்தினார், அப்பா இறங்கவில்லை. கடைசியில் அம்மா துடைப்பதை விட்டுவிட்டு, மலை முழுவதற்குமாகச் செம்பைச் சாய்த்தாள். "எல்லாப் புள்ளைங்களும் குடிங்கய்யா" என்றாள்.

நாங்கள் கேட்டைத் தாண்டியபோது இன்ஜின் சத்தம் கேட்டது. அப்பாவை நான் குற்றம் சொல்லமாட்டேன். அடுத்த மாதமும் நாங்கள் சாப்பிட வேண்டியிருந்தது. அரைத்த ஜல்லி, அப்போது அகலப்படுத்திக்கொண்டிருந்த பக்கத்துச் சாலைக்குப் போனது.

இன்று அந்தக் களம் இல்லை, அங்கே ஒரு கிடங்கு நிற்கிறது. தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வரிசையாக வீடுகள், வாசலுக்கு வாசல் பூச்செடிகள். அந்தத் தொட்டிகளில் என்ன மண் என்று யாரும் கேட்பதில்லை. செனாயில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைச் சுவரில் பச்சை இலை வரைந்து, பூமியைக் காப்போம் என்று எழுதியிருக்கிறார்கள். காப்பாற்றுங்கள், யார் வேண்டாம் என்றது? சலிப்பதற்கு முன் அது யாருடைய மண் என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?

அண்ணன் போன நாளில் அம்மாவைக் காரில் அந்தச் சாலைக்கு அழைத்துப் போகிறேன். எங்காவது நிறுத்தச் சொல்வாள். எந்த இடம் என்று அவளுக்கும் தெரியாது. கதவைத் திறந்து தார் மேல் பாலை ஊற்றுவாள். போன தடவை பின்னால் வந்த கார்கள் விடாமல் ஹார்ன் அடித்தன, நான் கண்ணாடியை இறக்கி வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மா அவசரப்படாமல் கடைசிச் சொட்டு விழும்வரை செம்பைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

"அடிக்கட்டும் லா," என்றாள். "எம்புள்ள மேல ஏறித்தானே எல்லாரும் வேலைக்குப் போறாங்க."