முத்தாயம்மாளும் மிஞ்சிய இரும்பும்

ஆட்டையாம்பட்டி நெசவாளர் தெருவில் முத்தாயம்மாளிடம் வாய் கொடுத்துத் தப்பியவர் யாருமில்லை. அவளையே ஒரு பயம் பிடித்தது 1943இல். கணவர் கந்தவேல் நாளுக்கு நாள் ஓய்ந்துகொண்டிருந்தார். வெயிலே படாமல் தறிக்குழியில் உட்காரும் மனிதர், கருத்துப்போனார். கால் மணி நேரம் நெய்தால் மூச்சு வாங்கியது.

'ரத்தம் சுண்டிவிட்டது' என்று அவளே முடிவு கட்டினாள். அதற்கு ஊரறிந்த வைத்தியம் இருக்கிறதே! இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, மோரில் முக்கி, தினமும் ஒரு சொம்பு கொடுத்தாள். அவர் முகம் சுளித்தால் விடுவாளா? இரண்டு வருஷம் விடவில்லை. நிறம் இன்னும் கருத்தது.

கடைசியில் சேலத்துக்கு வண்டி கட்டினாள். டாக்டர் அவள் செய்த மோர் வைத்தியத்தைக் கேட்டுக்கொண்டு, கந்தவேலின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஈரல் கல்லாகத் தட்டுப்பட்டது.

"ரத்தம் குறையவில்லை அம்மா. இரும்புதான் மிஞ்சிவிட்டது. சில பேர் உடம்புக்கு இரும்பைச் சேர்க்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அது ஈரலில் தேங்கி, அணு அணுவாகக் கெடுக்கிறது. நீங்கள் வேறு மோரில் ஊட்டியிருக்கிறீர்கள்."

முத்தாயம்மாள் தன் கையையே பார்த்தாள். நானா? என் கையாலா?

"வாராவாரம் கொஞ்சம் ரத்தத்தை வெளியே எடுத்துப் பார்க்கலாம். புது ரத்தம் ஊறுவதற்கு, தேங்கிய இரும்பை உடம்பு செலவழித்துத்தானே ஆகவேண்டும்? ஆனால் இதுவரை நான் யாருக்கும் செய்ததில்லை."

ஊசியைக் கண்டதும் அவள் டாக்டர் கையையே பிடித்துவிட்டாள். "இருக்கிற உசுரையும் உறிஞ்சறீங்களா? நல்லாருக்குதுங்க நாயம்!"

"உடு புள்ள," என்றார் கந்தவேல். "இப்படிக் கெடக்கறதுக்கு, அதையுந்தான் பாத்துருவமே."

விட்டாள். வாரம் ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் மாதம் ஒரு காலை, அடடா, கந்தவேலின் தறிச்சத்தம்! தெருவே ஓடி வந்தது. மூச்சு வாங்காமல் ஒரு முழம் நெய்துவிட்டு நிமிர்ந்தார். அவள் எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதாள்.

அடுத்த வாரம் டாக்டர் சொன்னார்: "கெட்ட ஈரல் முழுதாகத் திரும்பாது. ஆனால் இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம்."

முத்தாயம்மாள் நன்றி சொல்லவில்லை. வாசலுக்குப் போனாள். அவர்களோடு வந்து, அங்கே நழுவப் பார்த்த கொழுந்தன் வீரபாகுவின் கையைப் பிடித்து இழுத்து வந்து பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"இவனுக்கும் அண்ணன் நெறம் ஏறுதுங்க. ஈரல் கெடறதுக்கு மின்னாடியே ரத்தத்த எடுத்துருங்க."

டாக்டர் குனிந்து வீரபாகுவின் வயிற்றை அழுத்தினார். ஈரல் இன்னும் இறுகவில்லை.