அம்மா முங்கிய தண்ணீர்

இதை எழுத உட்காருவதும், பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போவதுமாக எனக்குப் பல வருஷம் கழிந்துவிட்டது. என்னைப் பெற்றவர்கள் இருவரைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. ஒருவர் பக்கம் பேசினால் மற்றவருக்கு அநியாயமாகிவிடுமோ என்று பயம். இப்போது இருவருமே இல்லை. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

அறுபதுகளின் கடைசி. காரைக்குடி செக்காலையில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தச்சுவேலை. சனிக்கிழமையானால் எங்கேயாவது போய்ச் சாராயம் குடித்துவிட்டு வருவார். குடித்தால் அம்மாவை அடிப்பார். அம்மா வெளியே மூச்சுவிட மாட்டாள். முன்பல் உடைந்தபோதுகூட, அம்மி தடுக்கி விழுந்ததாகத்தான் பக்கத்து வீட்டில் சொன்னாள்.

வேலைக்குப் போன இடத்தில் ஒரு போதகர் அப்பாவுக்குப் பழக்கமானார். அப்பா ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். குடி நின்றது, அடியும் நின்றது. ஆறு மாதம் கழித்து, கோவிலூர்ப் பக்கத்துக் கண்மாயில் ஞானஸ்நானம் என்று முடிவானது.

"நாளைக்கு உங்கப்பன் தண்ணிக்குள்ள முங்கி மறுபடியும் பொறக்கப் போறேன் தாயி" என்றார்.

எனக்கு ஏழு வயது. புதிதாகப் பிறந்து வருகிறவருக்கு மீசை இருக்குமா என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

மறுநாள் காலையில் அப்பா கிளம்பிப் போனதும் மாமாவும் அத்தைமாரும் வந்து அம்மாவை ஊருணிக்குக் கூட்டிப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். எல்லோரும் கட்டின துணியோடு முங்கினார்கள். அம்மாவும் முங்கி எழுந்தாள். யாரும் யாரோடும் பேசவில்லை. திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்கள். எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவும் பிறந்துவிட்டாள்.

ரோட்டுக்கு ஓடினேன். அப்பா ஈர வேட்டியோடு வந்துகொண்டிருந்தார். மீசை இருந்தது.

"அப்பா, அம்மாவும் ஊருணியில முங்கிருச்சு. மாமா, அத்தை எல்லாரும் முங்கிட்டாக."

"மெய்யாவா தாயி?"

நடுரோட்டில் முழங்கால் போட்டு அழுதார். பிறகு என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

வாசலில் மாமா நின்றார். "இங்குட்டு எங்க வாரீக மாப்பிள? இன்னைக்குத்தான பொறந்திருக்கீக, ஒருநாள் பிள்ளைக்குப் பொண்டாட்டி எதுக்கு?"

யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "எங்க மாப்பிள செத்துட்டாக. தலை முழுகிட்டு இப்பத்தான் வாரோம்."

அப்பா உள்ளே நின்ற அம்மாவைப் பார்த்தார். "இனி உம்மேல கை வைக்க மாட்டேன். ஒரு வார்த்தை பேசு."

அம்மா ஈரத்தலையோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னைய அடிச்ச மனுஷனத்தான் எனக்குத் தெரியும். இவுக ஆருன்னு எனக்குத் தெரியல."

அப்பா என்னைக் கீழே இறக்கிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பட்டறையிலேயே தங்கிக்கொண்டார். ஞாயிறுதோறும் ஜெபம் முடிந்து எதிர்வாடையில் வந்து நிற்பார், அம்மா கதவைச் சாத்துவாள். ஆனால் தாலியைக் கழற்றவில்லை. மாமா எவ்வளவோ சத்தம் போட்டும் கழற்றவில்லை.

நாலாம் வருஷம் காமாலையில் அம்மா போய்ச் சேர்ந்தாள். பாடையைத் தொட அப்பாவை விடவில்லை.

"கடைசில என்னையக் கேட்டாளா தாயி?"

"இல்லப்பா."

அதற்குமேல் அவர் எதையும் கேட்கவில்லை, அன்றைக்கும் சரி, சாகிறவரைக்கும் சரி.

நானும் பிற்பாடு அதே கண்மாயில் முங்கி எழுந்தவள்தான். மறுபடி பிறக்கிறவன் முதலில் சாகவேண்டும் என்று போதகர் சொன்னதை முழுமனதோடு நம்புகிறேன். ஏழு வயதில் பிறப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சாவுக்குத் துக்கம் காக்க எங்கள் வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள் என்பது தெரியவில்லை.

சபையில் இதைச் சாட்சியாகச் சொல்கிறவர்கள், கடைசி மூச்சில் அம்மா அப்பாவைக் கூப்பிட்டனுப்பினாள் என்று சேர்த்துச் சொல்கிறார்கள். பக்கத்தில் இருந்தவள் நான். அவள் கூப்பிடவில்லை. நீங்கள் யாரிடமாவது இதைச் சொல்வதானால், அந்த இடத்தில் எதையும் சேர்க்காமல் சொல்லுங்கள்.